தரையைத் தொடாத பாத்திரக்காரி

ஆற்றுக்கு வடக்கே வடகரைப்பேட்டை என்று ஓர் ஊர், அந்த ஊரில் பழைய துணி வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுக்கிற முப்பிடாதி என்று ஒருத்தி, அந்த முப்பிடாதிக்கு இரண்டு முட்டு, அந்த இரண்டு முட்டிலும் ஊர் முழுவதற்கும் பங்கு வைத்தாலும் மிஞ்சக்கூடிய வலி. ஆள் பெரிய உருவம். அவள் பிறந்தபோது மருத்துவச்சி ஒரு கையால் தூக்கப் போய், இன்னொரு கையையும் கொடுத்து, பிறகு தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். அந்த உடம்பைச் சுமந்துகொண்டு, தலையில் எவர்சில்வர் கூடையையும் தோளில் துணி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, அவள் தெருத் தெருவாக, ஊர் ஊராக நடந்தாள். "பழைய துணிக்குப் பாத்திரம்" என்று அவள் கூவுவதற்கு முன்பே முட்டுகள் இரண்டும் கரகரவென்று கூவிவிடும், பெண்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டே கிழிந்த சேலைகளைத் தேடத் தொடங்குவார்கள். எடையைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் ஒருவர் சொன்னார். உடம்பு எடையையா கூடை எடையையா என்று இவள் கேட்டாள். அவர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம், முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, நாலைந்து ஊரில் வாங்கிச் சேர்த்த துணிகளை அவள் பிரித்துக்கொண்டிருந்தாள். பருத்தித் துணி ஒர்க்‌ஷாப்புக்கு, கிரீஸ் துடைக்க, சரிகை தனியே, மற்றது மெத்தைக் கடைக்கு. செங்கல் நிறத்தில் வெளுத்துப்போன உள்பாவாடை ஒன்று கையில் வந்தது. அதன் உள்பக்கத்தில் யாரோ ஒரு பை வைத்து, வாயை மூன்று தடவை தையல் போட்டு அடைத்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் பணக்கட்டு. அவள் எண்ணவில்லை. எண்ணினால் தன்னுடையது மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

எழுந்த பிறகுதான் தான் எழுந்துவிட்டது அவளுக்கு உறைத்தது. வழக்கமாக எழுந்திருப்பது என்றால் குப்புறப் புரண்டு, கையை ஊன்றி, அடிபம்பின் கைப்பிடியைப் பிடித்து, குலதெய்வத்தை ஒரு தடவையும் புருஷன் தளவாயை இரண்டு தடவையும் திட்டி முடித்து நிமிர்வது. இன்றைக்கு அதெல்லாம் ஒன்றும் இல்லை. நிமிர்ந்துவிட்டாள், நிமிர்ந்த பிறகும் நிற்காமல் இன்னும் கொஞ்சம் போனாள். முட்டு சத்தம் போடவில்லை. அந்த நிசப்தத்தில் பக்கத்து வீட்டு ரேடியோ, தூரத்து ஆற்றுச் சத்தம், ஒரு மைனாவின் பேச்சு எல்லாம் தெளிவாகக் கேட்டன. இத்தனை வருஷமாக இதெல்லாம் எங்கே இருந்தது என்று அவள் யோசித்தாள்.

தளவாய்க்குக் கல்யாண மண்டபத்தில் காவல் வேலை. அவன் சாப்பிட வந்தபோது அவள் தரைக்கு மேலே நின்றுகொண்டிருந்தாள்.

"என்னட்டி, உசந்து நிக்க?"

"நானா நிக்கல. தானா நிக்குது."

"சோறு இருக்கா?"

"இருக்கு."

"அப்பச் சரி" என்று அவன் கைகழுவப் போனான்.

சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் அவன் குனிந்து, அவள் பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தான். நாலு விரல் தாராளமாக நுழைந்தது. அவள் பாவாடையைக் காட்டினாள், பணக்கட்டைக் காட்டினாள். அவன் தொட மறுத்துவிட்டான், பிறத்தியார் சாமானில் கை வைக்காத உத்தியோகம் தன்னுடையது என்றான். பணத்தை அரிசி டிரம்முக்குள் போட்டுப் பார்க்கச் சொன்னான். போட்டாள். அப்போதும் மிதந்தாள். அடுப்பு மேடையில் வைத்தாள், மாட்டுக் கொட்டிலில் வைத்தாள். எங்கே வைத்தாலும் அவள் வைத்ததுதானே, மிதந்துகொண்டேயிருந்தாள்.

"தொலைச்சவ எவளோ அழுதுக்கிட்டு இருப்பா" என்று முப்பிடாதி சொன்னாள். "ஸ்டேசன்ல குடுத்துருவோம். நாளைக்குப் போறேன்." சொல்லிவிட்டு, கல்யாணம் ஆன புதிதில் நடந்ததைப் போல, கொல்லைக்கும் வாசலுக்கும் சும்மாவே நாலு நடை நடந்தாள்.

அந்த நாளை வருவதற்குச் சில நாட்கள் ஆயின. ஆனாலும் அவள் போனாள். அப்போது ஸ்டேஷனில் ஏட்டு நெல்லையப்பன் மட்டும் இருந்தார், நல்ல மனுஷர், உடம்பு மட்டும் ஒடிசல். யார் தொலைத்தது என்று கேட்டார், தெரியாது என்றாள். எந்த ஊர்த் துணி என்று கேட்டார், எல்லா ஊர்த் துணியும் ஒரே மூட்டைதான் என்றாள். சரி என்று அவர் பணக்கட்டை வாங்கி மேசை டிராயரில் வைத்த உடனே இரண்டு காரியம் நடந்தது. முப்பிடாதி தொப்பென்று தரைக்கு வந்தாள், வந்த வேகத்தில் வலி முழுவதும் பாக்கி இல்லாமல் முட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. ஏட்டையா நாற்காலியை விட்டுக் கிளம்பி, ஒடிசல் உடம்பு ஆகையால் நாலு விரலோடு நிற்காமல் மேசை உயரத்துக்குப் போய், பூட்ஸ் இரண்டும் தொங்க, ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் பதறவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். "ஐயா ரவுண்ட்ஸ் முடிஞ்சு வந்தா நான் சல்யூட் அடிக்கணும்" என்றார். "சல்யூட்னா காலைத் தட்டணும். தட்டுறதுக்குத் தரை வேணும்லா? நீயே வச்சிரும்மா. ஒடையவங்க புகார் குடுத்தா நான் சொல்லி அனுப்புதேன்." டிராயர் எட்டவில்லை, அவளையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் எடுத்தாள், எழும்பினாள், அவர் இறங்கினார். வலி போன அந்த நொடியில் தன் மனசு குதித்த குதியை முப்பிடாதி கவனித்தாள். கவனித்ததை யாரிடமும் சொல்லவில்லை. "சரிங்கய்யா" என்று அவள் சொன்னதில் இருந்த தேன் ஏட்டையாவுக்கே கொஞ்சம் சந்தேகமாக இருந்தது.

கோவில் உண்டியலில் போட்டுவிடலாம் என்று போனால் அர்ச்சகர் கையெடுத்துக் கும்பிட்டார். உண்டியல் மிதந்தால் மேலே உள்ளவர்களுக்கு அவர்தானே பதில் எழுத வேண்டும்.

இதற்குள் விஷயம் ஊரெல்லாம் தெரிந்திருந்தது, தெரியாமல் இருக்க அவள் ஒன்றும் ஒளித்துவைக்கக்கூடிய ஆள் இல்லை. டீக்கடையில் இரண்டு கட்சி பிரிந்தது. இவ்வளவு பணத்தைப் பாவாடையில் தைக்கிறவள் நேர்வழியில் சம்பாதித்திருக்க மாட்டாள், வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை என்றது ஒரு கட்சி. நேர்வழியில் சம்பாதித்தவள்தான் பாவாடையில் தைப்பாள், மற்றவர்கள் நிலம் வாங்குவார்கள் என்றது இன்னொரு கட்சி. யாராவது இரண்டுக்கும் நடுவில் பேச வந்தால் இரு கட்சியும் ஒன்றுசேர்ந்து அவனை டீக்குக் காசு கொடுக்க வைத்தன. பணம் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு ஆட்களும் வந்தார்கள். பக்கத்து டவுனில் இருந்து ஸ்கூட்டரில் வந்த ஒருவர், பெட்டியோடு தொலைத்துவிட்டேன், துக்கத்தில் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்றார். பெட்டி என்ன நிறம் என்று கேட்டாள். கறுப்பு என்றார். அவள் அந்தச் செங்கல் நிறப் பாவாடையை விரித்து உதறிக் காட்டினாள், அவர் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஊர் பழகிவிட்டது. எல்லாவற்றுக்கும் பழகுகிற மாதிரித்தான். ரேஷன் கடையில் மட்டும் ஒரு தகராறு வந்தது. வரிசையில் நிற்கிறவர்கள் தரையில் நிற்க வேண்டும், மிதப்பவர்கள் எங்கே வேண்டுமானாலும் மிதந்துவிட்டுக் கடைசியில் வரலாம் என்று சில பெண்கள் சொன்னார்கள், அதற்காக அவள் தன் செருப்பைக் கழற்றிக் கீழே வரிசையில் வைத்து, செருப்புக்கு நேர் மேலே நின்றாள். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எம்பினால் இன்னும் உயரே போக முடிந்ததால் மண்டபத்தில் சீரியல் பல்பு கட்டுவதற்கு ஏணி தேவைப்படவில்லை, முருங்கைக்காய் பறிக்கத் தொரட்டி தேவைப்படவில்லை. வியாபாரமும் கூடியது. முன்பெல்லாம் வாசலில் நின்று கேட்டதற்கு, "துணி ஒண்ணும் இல்லக்கா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறவர்களால் இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. அவள் காம்பவுண்டுச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, கொடியில் காய்கிற கிழிசலைப் பெயர் சொல்லிக் கேட்டாள். அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதும் சேர்ந்து தெரிந்ததால் ஒருவர் வீட்டுக் குழம்பு இன்னொருவர் வீட்டுக்குப் பேச்சாகப் போயிற்று, அதில் இரண்டு சண்டை வந்தது, மூன்று சண்டை தீர்ந்தது.

ஆடி வந்தது, ஆடிக் காற்று வந்தது. அந்தப் பக்கத்துக் காற்று, மலை இடைவெளியில் நுழைந்து வருவது, வாழையை முறித்துவிட்டுத்தான் பேசவே தொடங்கும். அதில் அவள் ஓரொரு சமயம் தெருமாறிப் போய்விட்டாள். தளவாய் ஒரு பழைய சேலையை முறுக்கிக் கயிறாக்கி, ஒரு முனையை அவள் இடுப்பிலும் மறுமுனையை அடிபம்பிலும் கட்டிவிட்டு வேலைக்குப் போனான். போகிறவர் வருகிறவர்கள், "என்ன மதினி, அண்ணாச்சி கட்டிப் போட்டுட்டுப் போயிட்டாரா?" என்று கேட்டார்கள். "இத்தன வருசம் கட்டாமலேதான் வச்சிருந்தாரு" என்று அவள் மேலிருந்து சொன்னாள்.

உண்மையில் அவளுக்கு அந்த நாட்கள் எப்படி இருந்தன என்பதை யாரிடமும் சொல்ல அவளுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. ஆற்றுக்குப் படி இறங்கிக் குளித்தாள். படியிறங்கிக் குளித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சம்மணம் போட்டுச் சாப்பிட்டாள், காற்றில்தான் என்றாலும் சம்மணம். எழுந்திருக்க வேண்டுமே என்ற பயம் இல்லாமல் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு காரணமும் இல்லாமல் எழுந்தாள், எழுந்தது போதும் என்று மறுபடி உட்கார்ந்தாள். வலி என்பது கூடவே வருகிற ஓர் ஆள் மாதிரி. அந்த ஆள் போன பிறகு தெரு இவ்வளவு அகலமா என்று இருந்தது அவளுக்கு. தொலைத்தவளைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றினாள். மாற்றிய ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் உயர்ந்தாள். அதைத் தளவாய் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

கருவாடு விற்கிற லூர்தம்மா ஊர் ஊராகப் போகிறவள். அவள்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தாள். நாணல்குளத்தில் ஆவுடை என்று ஒருத்தி, விளக்குமாற்றுக் குச்சி போல இருப்பாள், புருஷன் செத்து வருஷம் இரண்டு ஆகிறது. அவள் திடீரென்று கனமாகிக்கொண்டே போகிறாளாம். ஆள் பருக்கவில்லை, எடை மட்டும். கட்டில் முறிந்துவிட்டது, பெஞ்சு முறிந்துவிட்டது, இப்போது முற்றத்தில் துவைக்கிற கல் மேல் உட்கார்ந்திருக்கிறாள், கல்லும் பாதி மண்ணுக்குள் போய்விட்டது. அவளுடைய தெருப்பக்கத்து அறையை மொபைல் கடைக்கு வாடகைக்கு விடலாம் என்று கொழுந்தன் குத்தாலம் கணக்குப் போட்டு, அவளை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவைக்க வேன் கொண்டுவந்தான். அவள் ஒரு காலை எடுத்து வைத்ததும் வேனின் பின்பக்கம் தரையில் உட்கார்ந்தது, முன்பக்கம் சல்யூட் அடித்தது. கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள். கயிறு அறுந்தது.

கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். லூர்தம்மாவும் சிரித்து, கண்ணைத் துடைத்து, "எதனால வந்ததுன்னு நெனச்சிய? அவ ஓரகத்தி இவ பழைய பாவாடை ஒண்ண எடுத்துப் பாத்திரத்துக்குப் போட்டுட்டாளாம். அன்னைக்கு ஒக்காந்தவதான். ஒரு கிழிஞ்ச பாவாடைக்கு இப்படியா ஒருத்தி கனப்பா?" என்றாள்.

முப்பிடாதி சிரிக்கவில்லை. உலகத்தில் பாவாடை எவ்வளவோ உண்டு என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அப்படிச் சொன்னதில் ஒரு சாண் உயர்ந்துபோய் நிலைப்படியில் தலை இடித்தது.

தளவாய் நெற்றிக்கு மஞ்சள் குழைத்துக் கொடுத்தான். நாணல்குளத்துக்கு ஏழு மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னான்.

"ஒரு மனுசிக்கு வலி இல்லாம நடக்கிறதுன்னா என்னான்னு ஒமக்குத் தெரியுமா?" என்றாள் அவள்.

"அது தெரியாது. நீ வலியோட நடந்தது தெரியும்" என்றான் அவன். "போகாதேன்னு சொல்லத்தான் வாய் வருது. அதான் பஸ் நேரத்தச் சொன்னேன்."

காலையில் அவள் போனாள். பஸ்ஸில் ஏறுவதே ஒரு வேலையாக இருந்தது, வண்டி கிளம்பினால் அவள் பின்தங்கினாள், அதனால் மேல்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொடித் துணி மாதிரி வந்தாள். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அது தனக்குத் தெரியும், ஆனால் உட்காராமலும் நிற்காமலும் வருகிறவர்களுக்கு என்ன விதி என்பது தெரியவில்லை என்று கண்டக்டர் சொன்னார். எதற்கும் செக்கிங் வந்தால் காலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். வழி முழுக்க முப்பிடாதி ஒரே வேண்டுதல் வேண்டினாள். பணத்தை உரியவளிடம் சேர்க்க வேண்டும் என்றோ தன் மனசு திடமாக இருக்க வேண்டும் என்றோ வேண்டவில்லை. அந்த ஆவுடை பணத்தைத் தொலைத்தவளாக இருக்கக் கூடாது, அவளாகவே இருந்தாலும் அவளே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று வேண்டினாள்.

நாணல்குளத்தில் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்காக ஒருவன் ஐஸ் வண்டி போட்டிருந்தான். வீட்டு முற்றத்தில் துவைகல் மேல் ஆவுடை உட்கார்ந்திருந்தாள். மெலிந்த கழுத்து, ஒரு கையில் வெற்றிலை. சுற்றிலும் மண் கிண்ணம் போல் உள்வாங்கியிருந்தது. முப்பிடாதி மேலே வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள். கனமானவளும் லேசானவளும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"செங்கல் கலர்" என்றாள் முப்பிடாதி.

"மூணு தையல்" என்றாள் ஆவுடை.

ஆடு விற்ற பணம் அது. புருஷன் போன பிறகு ஒவ்வோர் ஆடாக வளர்த்து, விற்று, வீட்டில் எங்கே வைத்தாலும் ஓரகத்தி கை படும் என்று யோசித்து யோசித்து, கிழிந்த பாவாடையை எவள் தொடுவாள் என்று அதில் தைத்து வைத்தாள். யாரும் திருடவில்லை. சும்மா கிடக்கிறதே என்று பாத்திரத்துக்குப் போட்டுவிட்டார்கள். தெரிந்த அன்றைக்கு அழ முயன்றாள், அழுகை வரவில்லை. நெஞ்சில் விழுந்த கனம் அப்படியே இடுப்புக்கும் காலுக்கும் இறங்கிவிட்டது. இதையெல்லாம் அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், ஊர்ப் பம்பு பழுதான கதையைச் சொல்கிற மாதிரி.

முப்பிடாதி இடுப்பில் கை வைத்தாள். கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பணக்கட்டை எடுத்து நீட்டினாள்.

ஆவுடை வாங்கவில்லை. "வாங்கினா என் கனம் போயிருமோ?" என்றாள்.

"போயிரும்னுதான் நெனைக்கேன்."

"அப்ப வேண்டாங்கா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இந்த வீட்டுல என்னை ஒரு தூசியாட்டம்தான் வச்சிருந்தாவ. இங்க ஒக்காருன்னா ஒக்காரணும், அங்க போன்னா போணும். இப்பப் பாருங்க, என்னைச் சுத்திப் போறாவ. வேன் வந்து, கயிறு வந்து, ஒண்ணும் நடக்கல. எனக்குக் கனம் வேணும். பணம் ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

முப்பிடாதிக்கு முதலில் நம்ப முடியவில்லை. பஸ்ஸில் வேண்டிய வேண்டுதல் இவ்வளவு சீக்கிரம், வட்டியோடு கைக்கு வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆவுடைக்கும் வந்தது. துணிக்குப் பாத்திரம் மாதிரி, உனக்குக் கனம், எனக்கு லேசு, யாருக்கும் நஷ்டம் இல்லாத யாவாரம் என்று ஒருத்தி கையை ஒருத்தி தட்டிக்கொண்டார்கள். யாவாரம் என்றால் வாயால் ஒரு சொல் சொல்லி முடிக்க வேண்டும். ஆவுடை மனசாரச் சொன்னாள்: "நான் ஒங்களுக்கே குடுத்துட்டேங்கா."

சொன்னது காதில் விழுவதற்குள் முப்பிடாதி கீழே விழுந்தாள். நாணல்குளத்தில் கோழிகள் எழும்பிப் பறந்தன. முட்டு இரண்டும் கரகரவென்று, வெகுநாள் பேசாமல் இருந்த சம்பந்திகள் மாதிரி ஒரே சமயத்தில் பேசத் தொடங்கின. அதே நேரம் ஆவுடைக்குக் கீழே கல் ஒரு நெளி நெளிந்து மண்ணை விட்டு மேலே வந்தது, அவள் தன்னை அறியாமல் எழுந்து நின்றாள், ஆடிக் காற்றில் அவள் சேலை படபடத்தது, எந்தப் பெண்ணின் சேலையும் படபடப்பது மாதிரி.

கொடுத்த பணம் தொலைத்த பணம் இல்லையே. அது இருவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது, புரிந்தும் இருவரும் விடவில்லை. கொடுக்கவில்லை, தொலைத்துவிட்டேன் என்று ஆவுடை கட்டை வாங்கிப் பின்னால் பார்க்காமல் வைக்கோற்போருக்குள் எறிந்தாள். முப்பிடாதி தவழ்ந்து போய், எதேச்சையாக அந்தப் பக்கம் வந்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டு, "அட, பணம் கெடக்கே" என்று எடுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. "கொஞ்சம் ஆச்சரியமாச் சொல்லுங்க" என்றாள் ஆவுடை. ஆச்சரியமாகச் சொன்னாள். தவிட்டுப் பானைக்குள் தொலைத்துப் பார்த்தார்கள், கோழிக் கூண்டுக்கு அடியில் தொலைத்துப் பார்த்தார்கள், கண்ணை மூடிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து எறிந்து பார்த்தார்கள். இருக்கிற இடம் தெரிந்த ஒன்றை அவர்களால் எப்படியும் தொலைக்க முடியவில்லை. கடைசியில் முப்பிடாதி ஆவுடையின் தோளைப் பிடித்துக்கொண்டு தெருப்பக்கத்து அறையின் வாசற்படி வரைக்கும் நொண்டி வந்து, அதில் உட்கார்ந்து, கட்டை அவள் இடுப்பில் செருகினாள்.

"பிடி. இனிமே பாவாடையில வைக்காத" என்றாள். பணம் கை மாறியதில் ஒருவரும் உயரவில்லை, ஒருவரும் தாழவில்லை.

ஆவுடை நிற்கிறாள் என்ற செய்தி குத்தாலத்துக்குப் போய்விட்டது. வேன்காரனையும் இரண்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு அவன் வந்தான், பின்னாலேயே அவன் பெண்டாட்டி. துவைகல் காலியாக இருப்பதையும், ஆவுடை காற்றில் தள்ளாடுவதையும் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. பெட்டி, படுக்கை, அடுப்பு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள் என்று ஆட்களிடம் சொன்னான். ஆட்கள் அறை வாசலுக்கு வந்து நின்றார்கள். உள்ளே போக ஒரே வழிதான், அந்த வழியில் முப்பிடாதி உட்கார்ந்திருந்தாள்.

"யாரும்மா நீ? கொஞ்சம் எந்திரி" என்றான் குத்தாலம்.

"முட்டு வலி. எந்திரிக்க முடியாது."

"ஏங்க, இவதான் அந்தப் பாத்திரக்காரி" என்று அவன் பெண்டாட்டி அடையாளம் கண்டுகொண்டாள். "நீ குடுத்த தூக்குவாளிக்கு மறுநாளே காது கழண்டுட்டு, தெரியுமா?"

"அந்தப் பாவாடைக்கு அதுவே சாஸ்திம்மா."

குத்தாலம் மரியாதையாகச் சொன்னான், பிறகு மரியாதை இல்லாமல் சொன்னான். ஆட்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு தோளைப் பிடித்துத் தூக்கினார்கள். வேன்காரனும் ஒரு கை கொடுத்தான். முப்பிடாதி கொஞ்சமும் எதிர்க்கவில்லை. உடம்பைத் தளரவிட்டு, பாதி உயரம் வரும்போது, "ஐயோ முட்டு" என்று மெதுவாகச் சொல்லி, திரும்பவும் உட்கார்ந்தாள். ஒரு மாயமும் இல்லாத, சோறும் நடையும் வருஷங்களும் சேர்த்துவைத்த, அவளுடைய சொந்த எடை. ஆட்களில் ஒருவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தான். வேன்காரன் மணியைப் பார்த்தான், வெயிட்டிங் சார்ஜ் பற்றி ஏதோ சொன்னான். சுவரோரமாகச் சேர்ந்திருந்த பெண்கள், முதலில் வேடிக்கைதான் பார்த்தார்கள், பிறகு ஒருத்தி உள்ளே வந்து முப்பிடாதிக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தாள், எனக்கும் முட்டுவலிதான் என்றாள். அவளுக்கு முட்டுவலி கிடையாது என்பது ஊருக்கே தெரியும்.

"எவ்வளவு நேரம் இப்படியே ஒக்காந்திருப்ப?" என்றான் குத்தாலம்.

"எனக்கா தெரியும்? முட்டைத்தான் கேக்கணும்."

ஆவுடை சுக்குக் காப்பி போட உள்ளே போக வேண்டும் என்றாள். அவள் ஒல்லி, முப்பிடாதிக்கும் நிலைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் அவளால் மட்டும் நுழைய முடிந்தது. உள்ளே அடுப்பு பற்றவைக்கிற சத்தம் கேட்டது. முப்பிடாதி சேலையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். வலி இரண்டு முட்டிலும் நன்றாகத்தான் இருந்தது. இதுவரை மடக்கி வைத்திருந்த இடது காலையும் மெல்ல, முனகிக்கொண்டு, வாசலுக்குக் குறுக்கே நீட்டினாள்.